சட்டைப் பையில் பேசிய பேனா

அன்றைக்கு என் மனைவி சொன்னதைக் கேட்டு அந்தப் பெரிய மெஷினையே வாங்கியிருந்தால் இவ்வளவும் நடந்திருக்காது. இதை அவள் இன்றைக்கும் சமயம் கிடைக்கும்போதெல்லாம் சொல்லிக் காட்டுகிறாள். சொல்லட்டும். கேட்டுக் கேட்டு எனக்குப் பழகிவிட்டது.

கைப்போன் வந்திருந்தும் பாதி மலைச்சரிவுகளில் சிக்னல் வராத காலம் அது. நான் ராகலை பஜாரில் இருந்துகொண்டு மரக்கறி வியாபாரம் செய்தேன். சுற்றியிருந்த தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து பறிக்கிறவர்கள், தாங்கள் குடியிருக்கிற வரிசை வீடான லயத்துக்குப் பின்னாலும், தேயிலை இல்லாத சரிவுகளிலும் கரட், லீக்ஸ், போஞ்சி, கோவா என்று போட்டிருப்பார்கள். அதை மூட்டை மூட்டையாக வாங்கி லொறியில் ஏற்றிக் கொழும்புக்கு அனுப்ப வேண்டும். எந்த வீட்டில் எது எப்போது பிடுங்க வரும், யார் என்ன விதை கேட்டார்கள், யாருடைய மூட்டையை நம்பலாம், யாருடையதைக் கொட்டிப் பார்க்க வேண்டும் என்பதெல்லாம் மனசில் நிற்க வேண்டும். எழுதி வைக்கலாமே என்பீர்கள். எங்கள் மழையில் எழுதிப் பாருங்கள். விரல் விறைத்துப் போகும், தாள் ஊறிப் போகும், வீட்டுக்கு வந்து பார்த்தால் என் கையெழுத்து எனக்கே விளங்காது.

கொழும்பில் எங்களிடம் மரக்கறி எடுக்கிற முதலாளி ஒருவர் சின்ன மெஷின் ஒன்றில் பேசிப் பதிந்துகொள்வதைப் பார்த்தேன். பார்த்த நாளிலிருந்து எனக்கும் அது வேண்டும் என்றாகிவிட்டது.

நுவரெலியாவில் ரேடியோவும் கடிகாரமும் விற்கிற கடைக்காரர் அந்த மாதிரி இரண்டு மெஷின்களை எடுத்துக் கண்ணாடி மேசை மேல் வைத்தார். ஒன்று சவர்க்காரக் கட்டி அளவு. பட்டன்கள் பெரியவை, சத்தம் கணீரென்று வந்தது. மற்றது பேனா மாதிரி. கொஞ்சம் தடித்த பேனா, அவ்வளவுதான். பையில் குத்திக்கொள்ளக் கிளிப் இருந்தது. பதிவு ஓடும்போது கடுகளவில் ஒரு சிவப்பு வெளிச்சம் எரியும். அதில் பேசியதைத் திருப்பிப் போட்டால் சத்தம் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருந்தது.

"என்னங்க, பெருச எடுங்க," என்றாள் மனைவி. "இதுல பேசுனது யாருக்குக் கேக்கும்?"

"எனக்குக் கேட்டா போதாதா?"

"மறைச்சு வச்சுப் பேசுறதுக்கு நம்ம என்ன களவு யாவாரமா செய்றோம்?"

கடைக்காரர் சிரிப்பை அடக்கிக்கொண்டு கண்ணாடியைத் துடைத்தார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பேனாவையே கட்டித் தரச் சொன்னேன்.

கோபம் மட்டும் காரணமில்லை. தோட்டத்தில் சட்டைப் பையில் பேனா குத்துவது சும்மா விஷயம் இல்லை. வேலைக்காரர் பையில் வெற்றிலை இருக்கும், பேனா கணக்கப்பிள்ளை பையிலும் கிளாக்கர் பையிலும்தான் இருக்கும். பெரட்டுக்களத்தில் காலையில் வேலை பிரித்துக் கொடுக்கிறவர் யார், வாங்கிக்கொண்டு போகிறவர் யார் என்பதைத் தூரத்திலிருந்தே அந்தப் பேனாவை வைத்துச் சொல்லிவிடலாம். நான் லயத்து ஒற்றை அறைக் காம்பராவில் பிறந்தவன். என் பையிலும் ஒன்று மின்னட்டுமே என்று எனக்கு இருந்தது.

மெஷின் என்னவோ நல்ல மெஷின்தான். ஒரு வீட்டில் மரக்கறி எடுத்து முடிந்ததும் லொறியில் ஏறிக் கதவைச் சாத்திக்கொள்வேன். பேனாவை வாய்க்குப் பக்கத்தில் வைத்து மனசில் உள்ளதைச் சொல்வேன். கேட்க யாரும் இல்லையே என்று வாய்க்கு வந்தபடி சொன்னேன். இராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு அதைப் போட்டுக் கேட்பேன். அப்போதெல்லாம் மனைவி தலையில் அடித்துக்கொள்வாள்.

நான் பிறந்த தோட்டத்தில்தான் வினை வந்தது. அங்கே கடைசி லயத்துக்குக் கீழே ஓடை ஓரம் நல்ல கறுப்பு மண். தேயிலை வராத இடம் என்று தோட்டம் அதைச் சும்மா விட்டிருந்தது. சனங்கள் கல்லைப் பொறுக்கி, பாத்தி கட்டி, பயிர் வைத்திருந்தார்கள். யாரும் எழுதிக் கொடுத்த நிலம் இல்லை. தோட்டத்தை நடத்துகிற துரை பார்த்தும் பாராமல் இருக்கும் வரைதான் அது அவர்களுடையது. அந்த வருஷம் புதிதாக வந்த பெரிய துரை அங்கே விறகுக்கு மரம் நடப்போகிறார் என்று ஒரு பேச்சு அடிபட்டது. ஓடைப் பக்கத்தில் கையை வைத்தால் கடைசி லயத்தில் பல அடுப்புகள் பாதிதான் எரியும்.

அந்த நேரம் பார்த்துத் துரை என்னைப் பங்களாவுக்கு வரச் சொல்லி ஆள் அனுப்பினார். நான் அவருடைய வேலைக்காரன் இல்லை. போகாமல் விட்டிருக்கலாம். ஆனாலும் போனேன். பேனாவில் ஏதோ பேசிக்கொண்டே மேடு ஏறியவன், கேட்டைக் கண்டதும் அதை அணைத்தேன். படிக்குக் கீழே செருப்பைக் கழற்றினேன். யாரும் கழற்றச் சொல்லவில்லை.

துரை சிங்களவர். தோட்டத்துத் தமிழ் பேசுவார். "ஓடைப் பக்கம் யார் யார் தோட்டம் போட்டிருக்கிறது? நீதானே சாமான் வாங்குறது, பேர் சொல்லு," என்றார்.

"நான் ரோட்டடியிலதான் வாங்குறதுங்க. எங்க வெளையுதுன்னு தெரியாதுங்க."

"யோசிச்சு சொல்லு," என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். அவ்வளவுதான் நடந்தது. நான் செருப்பை மாட்டிக்கொண்டு கேட்டைத் தாண்டும்போது எதிர்ச் சரிவில் நிரை பிடித்துக் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள் எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள். கையை ஆட்டினேன். யாரும் திருப்பி ஆட்டவில்லை.

அதே வாரம் கடைசி லயத்து அக்கா ஒருவரின் வாசலில் கரட் மூட்டையைத் தூக்கக் குனிந்தேன். என்னைச் சின்ன வயசிலிருந்து தெரிந்தவர், என் காதைத் திருகியவர். மூட்டை நெஞ்சில் அழுந்தியது. பையிலிருந்த பேனா பேசத் தொடங்கியது. என் குரல்தான். "ஓடைப் பக்கம் கடைசி லயத்து ஆளுங்கதான் கூட போட்டிருக்காங்க…" பதறிப்போய் அமுக்கி நிறுத்தினேன். அக்கா என் பையையே பார்த்தார். மூட்டையை என் கையிலிருந்து வாங்கி உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினார்.

அடுத்த முறை லொறியோடு போனேன். ரோட்டடியில் வழக்கமாக வரிசையாக நிற்கிற மூட்டைகளில் ஒன்றைக்கூடக் காணோம். ஹோர்ன் அடித்தேன். ஒரு நாய் மட்டும் வந்து பார்த்துவிட்டுப் போனது. ஒரு தோட்டத்து வியாபாரம் போனால் இன்னொரு தோட்டம் இருக்கிறது. ஆனால் 'துரைக்குக் காட்டிக் கொடுத்தவன்' என்ற பேர் பஸ்ஸில் ஏறி எல்லாத் தோட்டத்துக்கும் போய்விடும். பிறந்த இடத்தில் அந்தப் பேர் எடுத்தவன் பிறகு எங்கே முகத்தை வைத்துக்கொள்வது?

தோட்டத் தலைவர் வந்தார். தொழிற்சங்கத்துக்காகத் தோட்டத்தில் பேசுகிறவர் அவர்தான். "வாங்க, சனம் காத்துகிட்டு இருக்கு," என்று கூட்டிக்கொண்டு போனார்.

பிள்ளைக் காம்பராவில் கூடியிருந்தார்கள். வேலைக்குப் போகிற பெண்கள் கைக்குழந்தைகளை விட்டுப் போகிற இடம் அது. கொழுந்தை எடை போட்டுக் கொடுத்துவிட்டு வந்தவர்கள் ஈரமான படங்குச் சாக்கை இடுப்பிலிருந்து அவிழ்க்காமல், பிள்ளைகளைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றார்கள். வெளியே மழை பிடித்துக்கொண்டது. தகரக் கூரையில் அது விழுந்த சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர்கூட உரக்கப் பேசினால்தான் கேட்கும்.

"அந்தப் பேனாவப் போடுங்க," என்றார் அக்கா. தம்பி, நீ, வா, போ என்றுதான் எப்போதும் கூப்பிடுவார். அன்றைக்கு 'ங்க' போட்டார். அது எனக்கு அறை விழுந்த மாதிரி இருந்தது.

போடாவிட்டால் நான் காட்டிக் கொடுத்தவன். போட்டாலோ, அதற்குள் இருப்பது எனக்குத்தான் தெரியும். போட்டேன். மழைச் சத்தத்தில் ஒருவருக்கும் ஒன்றும் கேட்கவில்லை. மனைவி சொன்ன பெரிய மெஷின் அப்போதுதான் என் கண் முன்னால் வந்தது. கடைசியில் தலைவர் பேனாவை வாங்கிக் காதில் ஒட்ட வைத்துக்கொண்டார். கேட்டுக் கேட்டு, கோயில் திருவிழாவில் அறிவிப்புச் சொல்கிற குரலில் ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தார்.

"கோயிலடி வீடு. போஞ்சிக்குத் தண்ணி தெளிச்சுக் கனம் ஏத்துறாங்க."

கோயிலடி வீட்டுக்காரர் முகம் கறுத்தது. பின்னாலிருந்து யாரோ சிரித்தார்கள்.

"கடைசி லயம், ரெண்டாவது காம்பரா. கரட்டு மேல பெருசு, அடியில பிஞ்சு. கொட்டிப் பாக்காம எடுக்கக் கூடாது."

அது அக்காவின் வீடு. அவர் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. இடுப்புப் பிள்ளையை மறுபக்கம் மாற்றிக்கொண்டார்.

அதற்கடுத்ததைக் கேட்டுத் தலைவர் வாயைத் திறக்கவில்லை. "என்ன சொல்லுது?" என்று நாலு பேர் கேட்டார்கள். "இதுல ஒண்ணும் வெளங்கல," என்றார். தலைவர் வீட்டுக் கிழங்கு மூட்டையில் பாதி மண் என்று நான் சொல்லியிருந்தேன். அந்த நேரத்திலும் எனக்குச் சிரிப்பு முட்டியது. அடக்கிக்கொண்டேன்.

ஓடைப் பேச்சு வந்தது. தலைவர் நிதானமாகச் சொன்னார்: "ஓடைப் பக்கம் கடைசி லயத்து ஆளுங்கதான் கூட போட்டிருக்காங்க. அடுத்த போகத்துக்கு அவங்களுக்கு லீக்ஸ் நாத்து கொண்டாந்து குடுக்கணும்." அக்கா வாசலில் நான் அமுக்கி நிறுத்தியது இந்த நாற்றுப் பேச்சுக்கு முன்னால்தான். காம்பராவில் ஒரு அசைவு தெரிந்தது. எனக்கு மூச்சு வந்தது.

"பங்களாவுல பேசுனது எங்க?" என்றார் கோயிலடி வீட்டுக்காரர். அவருக்குப் போஞ்சிக் கோபம்.

தலைவர் பட்டனை அமுக்கி அமுக்கித் தேடினார். "தொர கூப்புட்டாராம், போறாராம். அதோட நின்னு போச்சு. பெறகு மறுநாப் பேச்சுதான் வருது."

"அழிச்சிட்டாரு. இதுல அழிக்கலாம். எனக்குத் தெரியும்."

"அழிச்சிட்டாரு" என்ற சொல் வாய்க்கு வாய் தாவியது. இல்லை, இல்லை என்று நான் கத்தினேன். இல்லாத ஒன்றை எப்படிக் காட்டுவது? அந்தப் பேனாவில் ஊரைப் பற்றிய புறணியெல்லாம் இருந்தது. என்னைக் காப்பாற்றக்கூடிய அந்த ஒரு பேச்சு மட்டும்தான் இல்லை. அதைப் பிடுங்கி ஓடையில் எறிந்தால் என்ன என்று தோன்றியது.

அக்கா கையை உயர்த்தினார். சத்தம் அடங்கியது.

"எங்க வாசல விட்டு எறங்குன ஒடனே அதப் போட்டுப் பேசுறீங்க. எங்க மூட்டையப் பத்தி இம்புட்டுப் பேச்சு. தொர முன்னாடி மட்டும் ஏன் போடல?"

"அவரு முன்னாடி எப்பிடிக்கா போடுறது!" எனக்கு ஆத்திரத்தில் குரல் உடைந்தது. "பயமா இருந்துச்சு. கேட்டடியிலயே அமத்திட்டேன்."

சொன்ன பிறகுதான் நான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. பேனா குத்திய சட்டையோடு, சொந்த லொறி வைத்திருக்கிற ஆள், அத்தனை பெண்களுக்கு நடுவில் சொன்ன வார்த்தை அது. வெட்கமாகப் போய்விட்டது.

அக்கா என் காலைப் பார்த்தார்.

"செருப்பையும் கழட்டுனியா தம்பி?"

"படிக்குக் கீழ வச்சிட்டுத்தான் போனேன்."

"யாரும் சொன்னாங்களா?"

"இல்லக்கா."

அவர் தலைவர் பக்கம் திரும்பினார். "இவன் சொல்றது நெசந்தான். பேனாவக் குடுத்துருங்க."

ஏன், எப்படி என்று கோயிலடி வீட்டுக்காரர்கூடக் கேட்கவில்லை. அந்தக் காம்பராவில் இருந்தவர்களில் அந்தப் படிக்குக் கீழே வெறுங்காலோடு நிற்காதவர் யாரும் இல்லை.

மூட்டைகள் மழையிலேயே ரோட்டுக்கு வந்தன. அக்கா தன்னுடையதை லொறிப் பலகையில் கவிழ்த்துக் கொட்டினார். மேலே இருந்தது பெருசு, அடியில் இருந்தது பிஞ்சு. "நல்லாப் பாத்துக்க. பேனாவுலயும் சொல்லிக்க," என்றார். எல்லாவற்றையும் ஒன்றாக அள்ளிக் கட்டி ஏற்றிக்கொண்டேன்.

துரை அடுத்த மாதம் மறுபடியும் கூப்பிட்டார். அதே கேள்வியைக் கேட்டார், நானும் அதே பதிலைச் சொன்னேன். ஓடைப் பக்கத்தை அந்தப் போகம் யாரும் தொடவில்லை. காரணம் எனக்குத் தெரியாது. அந்த இரண்டாவது தடவை படியடியில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, செருப்போடு ஏறினேன். பேனாவை மட்டும் கேட்டடியிலேயே அணைத்துவிட்டுத்தான் போயிருந்தேன்.