சன்னலில் இரண்டு செல்வியக்கா

புதுப்பட்டினம் கடற்கரை. மீன் விற்கும் செல்வியக்கா தன் பெயரில் வாங்கிய முதல் படகு இன்று காலை கடலில் இறங்குகிறது. அதன் பக்கத்தில் நின்று ஒரு படம் வேண்டும் என்கிறார். என்னிடம் இருப்பது பழைய ஃபிலிம் கேமரா. அதில் கண் வைத்துப் பார்க்கும் சின்னச் சன்னலில் ஒரே ஆள் இரண்டாகத் தெரிவார். லென்ஸைச் சுற்றியுள்ள வளையத்தைத் திருப்பி இருவரையும் ஒன்றாக்கினால்தான் படம் தெளிவாக விழும். இப்போதுதான் பழகுகிறேன்.

“அசையாதீங்கக்கா, ரெண்டு பேரா தெரியுறீங்க.”

“நல்லதாப் போச்சு. ஒருத்திய வூட்டு வேலைக்கு அனுப்பு.”

படகைத் தள்ள வந்தவர்கள் நேரமாகிறது என்று முனகுகிறார்கள். அக்காவின் இரண்டு மூக்குகளும் மெல்ல நெருங்கி ஒன்றாகின்றன. அழுத்துகிறேன். படகு அலைக்குள் போகிறது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

“நீயும் கேமராவோட அதே மாதிரி நில்லு” என்று அக்கா தன் ஃபோனில் என்னை எடுத்துக் காட்டுகிறார்.

“இன்னா தம்பி, லென்ஸ் மேல கறுப்பா மூடி கீது?”

நான் பார்க்கும் சன்னல் வேறு, படம் விழும் லென்ஸ் வேறு. மூடியை நான் கழற்றவே இல்லை. படம் விழவில்லை என்று சொல்கிறேன்.

அக்கா கடலைப் பார்க்கிறார். படகு விரல் அளவுக்குச் சிறுத்துவிட்டது.

“மத்தியானம் திரும்பி வரும். குந்து.”