ஜெபாவுக்கு ஒரு கண்டக்டர் தேவை

இன்று மாலை மறையூரிலிருந்து மூணாறு வந்த பஸ்ஸில் என் பக்கத்தில் எஸ்டேட்டில் வேலை செய்யும் ஒரு தாயும், நாலாம் வகுப்பு படிக்கும் மகள் ஜெபாவும் உட்கார்ந்திருந்தார்கள். ஜெபாவின் மடியில் கனத்த அகராதி ஒன்று.

நாளை பள்ளியில் போட்டியாம். டீச்சர் சொல்லும் ஆங்கில வார்த்தையை அகராதியில் தேடி, பொருளைத் தமிழில் சொல்ல வேண்டும். ஜெயித்தால் அடுத்த கட்டமான சப் ஜில்லா போட்டிக்குப் போகலாம்.

அம்மா "பிரிட்ஜ்" என்றார். நான் கண்ணாடியை மாட்டுவதற்குள் ஜெபா அந்த வார்த்தைமேல் விரலை வைத்துவிட்டாள்.

"அர்த்தத்தச் சொல்லுட்டி."

ஜெபா அகராதியை என் பக்கம் திருப்பினாள். அது ஆங்கிலம்–மலையாளம் அகராதி.

"பஞ்சாயத்துல எல்லாப் பிள்ளைகளுக்கும் இதத்தான் குடுத்தாக சார். இவ தமிழ் மீடியம். மலையாளம் நல்லாப் பேசுவா, வாசிக்க வராது. உங்களுக்கு வருமா?"

இத்தனை வருடம் இந்த எல்லையில் செய்தி சேகரித்திருக்கிறேன். எனக்கும் பேசத்தான் வரும்.

ஜெபா அகராதியைக் கண்டக்டரிடம் நீட்டினாள். அவர் வாசித்தார்: "பாலம்."

"அட, நம்ம பாலந்தானா!" என்று அம்மா சிரித்துவிட்டார்.

அதன் பிறகு டிக்கெட் கொடுத்த நேரம் போக அவர் வாசித்துக்கொண்டே வந்தார். அவள் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாள். ஒன்றுகூடத் தப்பவில்லை.

இறங்கும்போது கண்டக்டரிடம் கேட்டாள்: "அண்ணே, நாளைக்கு எங்க ஸ்கூலுக்கு வருவீங்களா?"

"டியூட்டி உண்டு மோளே."

மூணாறில் இரண்டு கடைகளில் கேட்டுப் பார்த்தேன். தமிழ் அகராதிக்கு உடுமலைப்பேட்டை போகச் சொல்கிறார்கள். போட்டி காலையில்.

மூணாறு நண்பர்களே, யார் வீட்டிலாவது ஆங்கிலம்–தமிழ் அகராதி சும்மா கிடக்கிறதா? இல்லையென்றால், நாளை லீவில் இருக்கும் கண்டக்டர் யாராவது?