ஏழு பூச்சு வார்னிஷ்

நோர்வேக்காரர்கள் சமையலறை மேடைப் பலகைக்கு எண்ணெய் வைப்பார்கள். நாங்கள் தலைக்கு வைப்பதுபோலத்தான். சில மாதங்களுக்கு ஒருமுறை, சனிக்கிழமை காலையில், பழைய பனியனைக் கிழித்து எண்ணெயில் தோய்த்து, மரத்தின் ரேகையோடு மெல்லத் தேய்த்துவிட்டு, அன்று முழுக்க அந்தப் பக்கமே போகமாட்டார்கள். இங்கே வந்த புதிதில் பக்கத்து வீட்டுக்காரர் இதைச் செய்வதைப் பார்த்து, மனிதருக்கு வேறு வேலை இல்லை என்று நினைத்தேன். இருபது வருடம் கழித்து, இப்போது நானும் கிழிந்த பனியனோடு நிற்கிறேன். எங்கள் வீட்டுப் பலகை ஓக் மரம். அதில் மஞ்சள் கறை நாலைந்து இடத்தில் இருக்கிறது. ஈர இரும்புத் தாச்சி வைத்த இடத்தில் ஒரு கறுப்பு வட்டமும் உண்டு. எவ்வளவு தேய்த்தாலும் இரண்டும் போவதில்லை.

அதனால்தான் திருகோணமலையில் கட்டவிருந்த குசினியின் சமையல் மேடைப் பலகைக்கு எண்ணெய் சரிவராது என்று முடிவெடுத்தேன். உட்துறைமுகப் பக்கம் இருக்கும் எங்கள் வீட்டில் தங்கச்சி வதனி குடும்பத்தோடு இருக்கிறாள். அவளுக்குப் புதுக் குசினி ஒன்று கட்டிக்கொடுக்கப் போவதாக எல்லோரிடமும் சொன்னேன். உள்ளுக்குள் கணக்கு வேறு. வேலையிலிருந்து ஓய்வெடுத்ததும் வந்து நின்று மீன் பொரிக்கப்போகிறவன் நான்தான். அந்த வீட்டில் இன்னும் எனக்கும் ஓர் இடம் இருக்கிறது என்பதற்கு அசையாத சாட்சி ஒன்று தேவைப்பட்டது. முதிரை மரப் பலகையைவிட அசையாத சாட்சி எங்கே கிடைக்கும்?

மஞ்சளுக்குத் தாக்குப்பிடிக்கும் பூச்சு எது என்று இங்கே ஒரு கடையில் விசாரித்தேன். கடைக்காரர் முகம் மலர்ந்து, மரத்தை மஞ்சளாக்கும் சாயங்களை வரிசையாக எடுத்து வைத்தார். மஞ்சளாகக் கூடாது, அதுதான் என் பிரச்சினை என்று விளக்கினேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, அப்படியென்றால் ஏன் மஞ்சளைக் கொண்டுபோய்ப் பலகையில் வைக்கிறீர்கள் என்று கேட்டார்.

பிறகு ஆறு மாதம் இரவுபகலாக வாசித்தேன். எண்ணெய், மெழுகு, அரக்கு, வார்னிஷ், எது எத்தனை வருடம் நிற்கும், எதில் தண்ணீர் ஊறும் என்று கொப்பி நிறையக் குறிப்பெடுத்தேன். கலியாணத்துக்கு முன் தன்னைப் பற்றி நான் இவ்வளவு விசாரிக்கவில்லை என்று மனைவி சொன்னாள். கடைசியில் உப்புக் காற்றையும் வெயிலையும் தாங்கும் படகு வார்னிஷே சரியென்று தீர்ப்பளித்தேன். வார்னிஷ் தகர டப்பாவை விமானத்தில் ஏற்ற விடமாட்டார்கள். ஆனால் நான் இத்தனை ஆராய்ந்து கண்டுபிடித்த அதே சாமானை எங்கள் துறைமுகத்தடிக் கடையில் அடுக்கிவைத்து விற்றுக்கொண்டிருந்தார்கள்.

குசினி கட்டி முடிந்ததும் விடுமுறையில் ஊருக்குப் போனேன். பலகையைச் செய்தவர் கிண்ணியாவைச் சேர்ந்த ஓடாவியார் நிஸாம் நானா. நல்ல மரவேலைக்காரர். இழைத்து முடித்ததும், இரண்டு பூச்சுப் போதும் என்றார். நான் ஏழு என்றேன். உப்புக் காற்றைப் பற்றி, கடற்கரையிலேயே பிறந்து வளர்ந்த அந்த மனிதருக்கு ஒரு சின்ன விரிவுரையும் ஆற்றினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் ஒன்றே ஒன்று கேட்டார்.

“அது சரி தம்பி, இதுல ஆரு சமைக்கிற?”

நான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஒவ்வொரு பூச்சும் காய ஒரு நாள், பிறகு அரத்தாளால் உரசல், மறுபடி பூச்சு என்று என் விடுமுறை முழுவதும் அதற்கே போனது. மூன்றாம் பூச்சில் ஓர் எறும்பு ஒட்டிக்கொண்டது. அதற்காக ஒரு நாள் அழுதேன் என்றே சொல்லலாம். வாசனை தாங்காமல் வதனி அடுப்பையும் சட்டிபானையையும் தூக்கிக்கொண்டு பின்வளவில் இருந்த தகரக் கொட்டிலுக்குப் போனாள். நன்றாகக் காயும்வரை பலகையைத் தொட வேண்டாம் என்று கட்டளையிட்டுவிட்டு நான் விமானம் ஏறினேன்.

இரண்டு வருடம் கழித்துப் போனபோது பலகை முகம் பார்க்கலாம்போல மினுங்கியது. ஒரு கீறல் இல்லை, ஒரு பொட்டு மஞ்சள் இல்லை. நோர்வே நண்பர்களுக்கு உடனே படம் அனுப்பினேன். பிறகு கதவுக்குப் பின்னால் சுருட்டி வைத்திருந்த, பலகையின் அளவுக்கு வெட்டிய தடித்த பிளாஸ்டிக் விரிப்பு கண்ணில் பட்டது. அதற்குள் பத்திரிகைத் தாள்கள். எடுத்துப் பார்த்தேன். இரண்டு வருடத்துக்கு முன் நான் விமானம் ஏறிய அதே வாரத்துப் பத்திரிகை.

பின்வளவுக்குப் போனேன். கொட்டிலில் விறகடுப்பு எரிந்தது. எங்கள் ஊர்த் தெருக்களில் மாடுபோலத் திரியும் மான்களில் இரண்டு, மதிலடியில் மரக்கறித் தோலுக்காக நின்றன. வதனி, அவள் புருசன், பிள்ளைகள் எல்லோரும் அங்கேதான் குந்தியிருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்கு மட்டும் புதுக் குசினியில், தட்டத்தில், கண்ணாடிக் கோப்பையோடு சாப்பாடு வைத்திருந்தாள். அந்த வீட்டில் பழுதாகாமல் பார்க்கப்பட்ட பொருள்கள் இரண்டு என்பது அப்போதுதான் விளங்கியது. வெட்கமாகவும் கவலையாகவும் இருந்தது.

புதுக் குசினியை ஏன் பாவிக்கவில்லை என்று வதனியிடம் கேட்டேன்.

“உங்கட கைவேலை அண்ணா. பழுதாக்கிப்போட்டு உங்கட முகத்தில என்னெண்டு முழிக்கிறது?”

அன்று நான் பேசிய பேச்சைக் கேட்டிருக்க வேண்டும். மரம் பாவிக்கத்தான், கறை பட்டால்தான் அது குசினி, என்ன நடந்தாலும் நான் வாய் திறக்கமாட்டேன் என்று சத்தியம் பண்ணாத குறை. வதனி நம்பிவிட்டாள். அடுத்த நாள் காஸ் அடுப்பு உள்ளே வந்தது. தேங்காய் துருவினாள், வெங்காயம் வெட்டினாள், என்னோடு கதைத்துக்கொண்டே பாரைமீன் குழம்பு வைத்தாள். இருபது வருடத்தில் நாங்கள் இருவரும் ஒரு குசினிக்குள் அவ்வளவு நேரம் நின்றது அன்றைக்குத்தான். குழம்பு கொதித்ததும் கொதிக்கிற சட்டியை இறக்கி, கதைத்த வாக்கில், அப்படியே பலகையில் வைத்தாள்.

“ஐயோ, சட்டி” என்று என் வாய் கத்தியது. என்னிடம் அது அனுமதி கேட்கவில்லை.

வதனி சட்டியைத் தூக்கினாள். கீழே வெள்ளையாக ஒரு வட்டம் விழுந்திருந்தது. அவள் கோபிக்கவில்லை. அதுதான் இன்னும் பொல்லாதது.

“அண்ணா, இதுக்குத்தான் நான் பாவிக்கேல்ல” என்றாள். சட்டியோடு பின்வளவுக்குப் போய்விட்டாள். பின்னாலேயே காஸ் அடுப்பும் போனது. நான் பிறகு எவ்வளவு சமாதானம் சொல்லியும் அடுப்பு திரும்பி வரவில்லை.

நான் நோர்வேக்கு வெளிக்கிட்ட அன்று பலகையின்மேல் பிளாஸ்டிக் விரிந்திருந்தது. வெள்ளை வட்டம் அதற்கடியில் இருந்தது.

இன்று சனிக்கிழமை. பலகைக்குப் பாதி எண்ணெய் வைத்த நிலையில் வதனிக்கு அழைத்தேன். மழையா, மீன் மலிவா என்று கதை போனது. குசினியைப் பாவிக்கிறாயா என்று மெதுவாகக் கேட்டேன்.

“ஓம் அண்ணா, ஒவ்வொரு நாளும்” என்றாள். அவள் குரலுக்குப் பின்னால் விறகு வெடிக்கும் சத்தம் கேட்டது. யாரோ மானை விரட்டினார்கள்.

“நல்லது” என்றேன். போனை வைத்துவிட்டு எண்ணெய்த் துணியை எடுத்தேன். மஞ்சள் கறைகளையும் அந்தக் கறுப்பு வட்டத்தையும் இன்றைக்குத் தேய்க்கவில்லை. துணி அவற்றைச் சுற்றியே போய் வந்தது.