அண்ணன் காருக்கு நான் தேர்ந்தெடுத்த புல்லி

கம்மாபுரத்துக்கு அருகில் இருந்த எங்கள் நிலம் நிலக்கரிச் சுரங்கத்துக்குப் போன பிறகு, அண்ணன் ஒரு பழைய வெளிநாட்டுக் காரை வாங்கி விருத்தாசலத்தில் கல்யாணங்களுக்கு வாடகைக்கு ஓட்டத் தொடங்கினார். எங்களைப் போல் நிலம் கொடுத்தவர்களில் சிலர் அதே சுரங்கத்தில் ஒப்பந்த ஓட்டுநர்களாகச் சேர்ந்திருந்தார்கள். அண்ணன் மறுத்துவிட்டார். "நம்ம வயல நானே லாரில அள்ளிக் கொட்டணுமா?" என்று ஒரே ஒரு முறை கேட்டார். அதன் பிறகு வீட்டில் எவரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. கார் ஓடும்வரை அவர் அங்கே போக வேண்டியதில்லை என்பது எங்கள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

அழகான வெள்ளைக் கார். ஆனால் ஐந்து பேர் ஏறி, ஏசியும் போட்டுவிட்டால் கிளம்பும்போது திணறும். நானும் அண்ணியும் துணைக்கு ஏறியிருக்க, ஸ்ரீமுஷ்ணத்துக்கு மணமக்களை அழைத்துப்போன ஒரு நாள், பின்னால் வந்த டவுன் பஸ் ஹாரன் அடித்தே எங்களை ஓரம் கட்டியது. "முன்னால நடந்து போற நாயனக்காரரே நம்மள விட்டுட்டுப் போயிடுவாரு போல இருக்குது" என்று அண்ணி கேலி செய்தார். அண்ணன் சிரிக்கவில்லை. அடுத்த முகூர்த்தத்துக்கு வேறு காரைப் பேசிவிட்டார்கள் என்ற செய்தி அன்றுதான் அவருக்கு வந்திருந்தது.

அந்தக் காரின் எஞ்சினில் சூப்பர்சார்ஜர் இருந்தது. எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் கருவி அது. எஞ்சினின் முதன்மைச் சுழல்தண்டான கிராங்க் தண்டின் முனையில் உள்ள சக்கரமான அடிப் புல்லி, பெல்ட் வழியாக அதைச் சுழற்றுகிறது. அடிப் புல்லியைப் பெரிதாக்கினால் சூப்பர்சார்ஜர் வேகமாகச் சுழலும், இழுவை கூடும்.

"ஆயில் எஞ்சினுக்கு புல்லி மாத்துற மாதிரிதானே பாப்பா. எவ்ளோ பெருசுன்னு நீ சொல்லு, போட்டுடலாம்" என்றார் அண்ணன்.

நான் இயந்திரவியல் பட்டதாரி. ஒரு வாரம் கணக்குப் போட்டேன். மேலே சூப்பர்சார்ஜரில் உள்ள புல்லியைச் சிறிதாக்கினாலும் இதே பலன் கிடைக்கும். ஆனால் பெல்ட்டின் பிடிமானம் குறைந்து நழுவக்கூடும். எனவே அடிப் புல்லியே சரி என்று முடிவு செய்தேன். மிகப் பெரிய அளவு எஞ்சினைச் சூடாக்கும், எரிபொருளைக் குடிக்கும், புகையையும் கூட்டும் என்பதால் நடுத்தர அளவைத் தேர்ந்தேன். எல்லா விளைவுகளையும் நிறுத்துப் பார்த்துவிட்டதாகவே நம்பினேன்.

வெளிநாட்டிலிருந்து புல்லியை வரவழைத்துத் தர புதுச்சேரியில் ஒரு கடை இருந்தது. நான் வேண்டாம் என்றேன். பீங்கான் தொழிற்பேட்டையில் களிமண் அரைக்கும் உருளைகளுக்குப் புல்லி கடைந்து தரும் லேத் பட்டறை நம் ஊரிலேயே இருக்கும்போது, அந்த வேலை ஏன் கடல் தாண்டிப் போக வேண்டும்? இதை நான் ஒரு கொள்கையாகவே சொன்னேன். அண்ணன் தலையசைத்தார்.

பழைய புல்லியை எடுத்துக்கொண்டு நான்தான் பட்டறைக்குப் போனேன். லேத்துக்காரர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, நகத்தால் ஓரிடத்தில் சுரண்டினார்.

"நடுவுல ரப்பர் வளையம் ஓடுது பாரும்மா. நான் கடைஞ்ச எதுலயும் இதப் பாத்ததில்ல. எதுக்கு வெச்சிருப்பான்?"

"சத்தம் வராம இருக்கத்தாங்க. சொகுசுக் காரு இல்லையா? நீங்க ஒரே இரும்பா கடைஞ்சிடுங்க."

எனக்கு அதன் பயன் தெரியாது. ஊகத்தைத்தான் சொன்னேன், ஆனால் பாடம் நடத்துபவளைப் போலச் சொன்னேன். அவர் மேற்கொண்டு கேட்கவில்லை. சொன்ன அளவில் துளியும் பிசகாமல் கடைந்து கொடுத்தார்.

புதிய புல்லியையும் அதற்கேற்ற நீளமான பெல்ட்டையும் மாட்டிய பிறகு கார் துள்ளிக்கொண்டு கிளம்பியது. மூன்று மாதம் அண்ணனுக்கு ஓய்வே இல்லை. எந்த மண்டபத்தில் என்ன சாப்பாடு என்று வீட்டுக்கு வந்து விவரிப்பார். நிலம் போனதிலிருந்து அவர் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

பெண்ணாடத்தில் மணமக்களை இறக்கிவிட்டுத் தனியாகத் திரும்பும்போது, கரும்பு டிராக்டர்களுக்கு நடுவே எஞ்சின் நின்றது. கிராங்க் தண்டு முறிந்திருந்தது. புதுச்சேரியிலிருந்து வந்த மெக்கானிக், முதலில் புல்லியைத்தான் கழற்றச் சொன்னார். எஞ்சினுக்குள் எரிபொருளின் ஒவ்வொரு வெடிப்பும் தண்டை நுட்பமாக முறுக்குகிறது. அந்த அதிர்வை வாங்கிக்கொள்ளத்தான் ரப்பர் வளையம் என்று விளக்கினார். அது இல்லாததால் மூன்று மாத அதிர்வையும் தண்டே தாங்கியிருக்கிறது. அந்தக் காருக்கு மாற்றுத் தண்டு எங்கே விசாரித்தும் கிடைக்கவில்லை.

பழைய வண்டி, அதன் ஆயுள் அவ்வளவுதான் என்று அண்ணன் எல்லோரிடமும் சொன்னார். அண்ணியிடமும் அப்படியே சொன்னார். புல்லியைப் பற்றி வாய் திறக்கவில்லை. மெக்கானிக் வந்துபோன அன்று மாலையே நான் அவரிடம் பட்டறையில் நடந்ததைச் சொன்னேன். லேத்துக்காரர் கேட்டதையும், நான் பதில் சொன்ன விதத்தையும் மறைக்கவில்லை.

"அவரு கேட்டப்பவே தெரியலன்னு சொல்லியிருக்கலாமில்ல பாப்பா?"

அந்தக் குரலில் கோபம் இல்லை.

அடுத்த மாதம் அவர் சுரங்க ஒப்பந்ததாரரின் வேலை விண்ணப்பத்தைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். படிவம் ஆங்கிலத்தில் இருந்தது. ஒவ்வொரு கட்டத்தையும் கேட்டுக் கேட்டு நிரப்பினேன். முன்பு செய்த தொழில் என்ற இடத்தில் என் பேனா நின்றது. "விவசாயம்னு போடு" என்றார். எழுதினேன்.

வங்கியானாலும் தாலுகா அலுவலகமானாலும், நான் விரல் வைத்துக் காட்டும் இடத்தில் படித்துக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போடுபவர் என் அண்ணன். அன்று படிவத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பள்ளிக்கூடத்தோடு விட்டுப்போன ஆங்கிலத்தில், எழுத்து எழுத்தாக, உதடு அசைய, முதல் வரியிலிருந்து படிக்கத் தொடங்கினார். படித்து முடிக்கும்வரை, பேனாவைப் பிடித்தபடி எதிரில் உட்கார்ந்திருந்தேன்.