லாரியில் போன பேக்கப் கோட்

போன புதன்கிழமை என் செல்போன் செத்துப்போனது. இயற்கையான சாவு இல்லை. நாமக்கல்லில் ஸ்கூட்டரை நிறுத்தி இறங்கும்போது கையிலிருந்து நழுவி ரோட்டில் விழுந்தது. பின்னாலேயே வந்த கோழித்தீவன லாரி அதன்மேல் ஏறிப் போய்விட்டது. சிம் கார்டும் சேர்ந்து நொறுங்கியது.

வீட்டுக்கு வந்து சொன்னேன். என் கணவர் லாரி ஓனர். அவர் கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமா?

"ஏம்புள்ள, அது யாரு வண்டி?"

போன் போனால் போகட்டும், வேறு வாங்கிக்கொள்ளலாம். என் கவலை வேறு. மகளுக்கு அவள் ஆசைப்பட்ட கல்லூரியிலேயே சீட் கிடைத்திருந்தது. அன்று மாலை ஐந்து மணிக்குள் அதை ஆன்லைனில் உறுதி செய்தாக வேண்டும். அதற்கான ஓடிபி வருவது என் மெயிலுக்கு. விட்டால் சீட் அடுத்த பிள்ளைக்கு!

கணவரின் பழைய லேப்டாப்பில் மெயிலைத் திறந்தேன். பாஸ்வேர்டு போட்டேன். சரி என்றது. அடுத்து, உன் போன் ஆப்பில் தெரியும் எண்ணைப் போடு என்றது. எந்தப் போன்? லாரி ஏறிய போனா? திருடன் நுழையக் கூடாது என்று நானே போட்ட இரட்டைப் பூட்டு அது. இப்போது வெளியே நிற்பது நான்!

இந்த மாதிரி நேரத்துக்கென்றே பேக்கப் கோட் என்று சில எண்களை முன்கூட்டியே தருகிறார்கள். போன் இல்லாவிட்டால் அதில் ஒன்றைப் போட்டு உள்ளே போய்விடலாம். நானும் வாங்கி வைத்திருந்தேன். எங்கே? ஸ்கிரீன்ஷாட்டாக... அதே போனில். வீட்டுச் சாவியை வீட்டுக்குள்ளேயே வைத்துப் பூட்டிய புத்திசாலி நான்தான்.

நல்லவேளை, ஒரு பிரிண்ட்டும் எடுத்திருந்தேன். அது எங்கே? பீரோவைக் கலைத்தேன். டிவி ஸ்டாண்டை இழுத்துப் பார்த்தேன். மகள் பின்னாலேயே வருகிறாள்.

"அம்மா, மணி மூணாச்சும்மா."

எனக்கும் கடிகாரம் பார்க்கத் தெரியும்டி!

கணவர் மெதுவாக வாயைத் திறந்தார்.

"வெறும் நம்பரா இருந்துச்சே, அந்தப் பேப்பரா? அது வண்டி பைல்ல இருக்குது."

"எந்த வண்டிங்க?"

"நாக்பூர் லோடு போயிருக்குதே, அதுல. முக்கியமான பேப்பர்னு நீதான சொன்ன? ஊட்ல வெச்சாத் தொலைஞ்சு போயிரும்னு லேமினேசன் பண்ணி, ஆர்சி, பர்மிட்டோட வெச்சுட்டேன்."

அழுவதா, சிரிப்பதா? லாரி வைத்திருக்கும் எங்கள் வீட்டில் இதுதான் வழக்கம். முக்கியமான காகிதம் என்றால் அது வண்டியில் இருக்க வேண்டும். செக்போஸ்ட்டில் கேட்டதும் எடுத்து நீட்ட வேண்டுமே... அதனால் வீட்டில் எது தொலைந்தாலும் வண்டி பைல் மட்டும் தொலையாது. எங்கள் ரேஷன் கார்டே ஒருமுறை ஒடிசா வரைக்கும் போய்வந்திருக்கிறது.

கணவரின் போனைப் பிடுங்கி டிரைவர் துரைசாமி அண்ணனைக் கூப்பிட்டேன். ரிங் போனது. எடுக்கவில்லை. மறுபடி... எடுக்கவில்லை. ஓட்டும்போது போனைத் தொடக் கூடாது என்பது என் கணவர் போட்ட சட்டம். இன்றைக்குப் பார்த்தா அதை ஒழுங்காகக் கடைப்பிடிக்க வேண்டும்?

வாசலுக்கும் சமையலறைக்கும் நடந்தேன். உட்கார முடியவில்லை. மணி நாலைத் தாண்டியது. மகள் அழவே ஆரம்பித்துவிட்டாள். "உன்ற மெயில எதுக்கும்மா குடுத்தேன்..." என்றாள். என் அசட்டுத்தனத்தில் இந்தப் பெண்ணின் படிப்பு போய்விடுமோ என்று நிஜமாகவே பயந்தேன்.

நாலரை வாக்கில் துரைசாமி அண்ணனே கூப்பிட்டார்.

"டீ குடிக்க நிறுத்துனனுங்க அம்மிணி. ஏனுங்க, இத்தன மிஸ்டு காலு? ஊட்ல எல்லாரும் நல்லாருக்கறாங்கதான?"

சொன்னேன்.

"அவ்வளவுதானுங்களா? இதா, போட்டோ எடுத்துப் போட்டுடறனுங்க."

போட்டார். எங்கே? லாரி குரூப்பில்! ஓனர், டிரைவர், புரோக்கர் என்று ஊரே இருக்கும் வாட்ஸப் குரூப். எந்தப் பேப்பரைக் கேட்டாலும் அங்கேதான் போடுவார்கள், அது அவர்கள் பழக்கம். என் ரகசிய எண்கள் அத்தனையும் லேமினேஷனில் பளபளவென்று மின்னின. கீழே உடனே ஒருவர் கேட்டிருந்தார்: "எந்த ஊரு லோடுங்க?"

ரகசியம் கிடக்கட்டும். முதல் எண்ணைப் போட்டேன். மெயில் திறந்தது. ஓடிபி வந்தது. மகள் உறுதி செய்தாள். சீட் உறுதி என்று திரையில் வந்ததும் என்னைக் கட்டிக்கொண்டாள். அவளை விலக்கிவிட்டு அப்படியே செட்டிங்ஸுக்குப் போய்ப் புதிய கோட்களை வாங்கினேன். புதிது வாங்கினால் பழையது செல்லாது. குரூப்காரர்கள் அதை வைத்து நிதானமாக லோடு தேடட்டும்.

புதிய எண்களை இரண்டு தாளில் எழுதினேன். எங்கே வைப்பது? போனில் கூடாது. மெயிலிலும் கூடாது. ஒன்றை பீரோ லாக்கரில் வைத்து, எங்கே இருக்கிறது என்று கணவருக்கும் மகளுக்கும் சொல்லிவிட்டேன். வீட்டுக்கு வெளியே நம்பகமான ஆளிடம் இன்னொன்று இருப்பது நல்லது. கணவர் கையை நீட்டினார். "குடு, லேமினேசன் பண்ணிட்டு வாரேன்." நான் முறைத்த முறைப்பில் கை தானாகக் கீழே இறங்கியது.

அந்தத் தாளை மகள் வாங்கித் தன் சர்டிபிகேட் பைலில் செருகிக்கொண்டாள். "நான் ஹாஸ்டலுக்கு எடுத்துட்டுப் போறேம்மா. பத்திரமா இருக்கும்."

பத்திரமாகத்தான் இருக்கும். ஆனால் அடுத்த முறை நான் வெளியே மாட்டிக்கொண்டால் இவளைத்தான் கூப்பிட வேண்டும். துரைசாமி அண்ணனாவது டீ குடிக்க நிறுத்தியதும் திருப்பிக் கூப்பிட்டார்...

காலேஜ் போன பிள்ளை கூப்பிடுமா?