உப்புத் தண்ணீரில் இருபத்தைந்து விதைகள்

விதை எண்ணும் தொழிலுக்குக் கண்ணும் பொறுமையும் போதும் என்று பணியில் சேரும்போது சொல்வார்கள். எவ்வளவு பொறுமை என்பதை மட்டும் சொல்ல மாட்டார்கள்.

தாம்பரத்தை அடுத்த ஒரு கல்லூரியின் தாவரவியல் ஆய்வகத்தில் பணிபுரிகிறேன். என்னைப் போலவே தட்டுகளின்மேல் குனிந்து கழுத்து வலித்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. ஏனையோர் சிலவற்றை முதலில் அறிய வேண்டும். தட்டில் ஈரத்தாள் விரித்து இருபத்தைந்து விதைகளை வைப்போம். வேர் இரண்டு மில்லிமீட்டர் வெளிவந்தால் அது முளைத்த விதை. அதற்குக் குறைந்தால், எவர் கெஞ்சினாலும், முளைக்காத விதை. தட்டிலுள்ள நீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது.

நாக்கும் மானியும்

கேளம்பாக்கத்துக்கு அப்பால் உப்பங்கழியை ஒட்டி முக்கால் ஏக்கர் வைத்திருக்கும் ஏகாம்பரம், ஒரு பாட்டிலில் கிணற்று நீரும் இரண்டு பொட்டலம் விதையும் கொண்டுவந்தார். கிணறு உப்பேறிவிட்டது, முந்தைய பருவத்து உளுந்து தேறவில்லை. இம்முறை விதைப்பது காராமணியா, பச்சைப்பயறா என்று நாங்கள் சொல்ல வேண்டும். இதுவும் பொய்த்தால் நிலத்தை லாரி நிறுத்த விட்டுவிடும்படி அவருடைய மச்சான் நெருக்கிக்கொண்டிருந்தார்.

முதுநிலை மாணவி ஜெனிஃபர் அந்நீரின் உப்பை மானியில் அளந்து, அதே அளவிலும் அதற்குக் குறைந்த இரண்டு அளவுகளிலும் கரைசல் தயாரித்தாள். நான் தடுப்பதற்குள் ஏகாம்பரம் மூன்றிலும் விரலைத் தோய்த்து நாக்கில் வைத்து, அவற்றைச் சரியான வரிசையில் நகர்த்திவிட்டார். எதையும் சுவைக்கக் கூடாது என்னும் அறிவிப்பைச் சுட்டிக்காட்டினேன். அவர் கடைசிக் குவளையைக் காட்டினார்: "இது உங்க தாம்பரம் தண்ணி மாதிரி கீது மேடம், இதுல டீயே போடலாம்."

திங்கட்கிழமை ஈரம்

ஞாயிறன்று ஆய்வகம் பூட்டியிருந்தது. திங்களன்று தாள்கள் பாதி உலர்ந்திருந்தன. ஜெனிஃபர் ஒழுங்கானவள், எந்தத் தட்டுக்கு எந்தக் கரைசலோ அதையே நாள்தோறும் ஊற்றினாள். வார இறுதியில் உப்புத் தட்டுகள் அனைத்திலும் இரண்டு பயறுகளும் அழுகிக் கிடந்தன. எண்ணிக்கையை இருமுறை சரிபார்த்தேன். ஊற்றும் முறையை ஒருமுறைகூடப் பார்க்கவில்லை.

"ரெண்டுமே வராது" என்னும் குறிப்பில் கையெழுத்திட நான் பேனாவைத் திறந்தபோது, தரை துடைத்துக்கொண்டிருந்த ஆய்வகப் பணியாளர் தேவகி நிமிர்ந்தார். "இன்னாம்மா தெனம் ஊத்துற?" என்று கேட்டார். "அதே உப்புத் தண்ணிதான்க்கா" என்றாள் ஜெனிஃபர். தேவகி துடைப்பானைச் சுவரில் சாய்த்தார்: "கொழம்பு சுண்டிப்போச்சுன்னா வெறுந்தண்ணி ஊத்துவாங்களா, இன்னும் ரெண்டு கை உப்பப் போடுவாங்களா?"

அனுப்பப்பட்ட படம்

மறுபடியும் தொடங்கினோம். தட்டுகளை எடைபோட்டு, குறைந்த எடைக்கு மட்டும் காய்ச்சி வடித்த நீரைச் சேர்த்தோம். கிணற்று நீருக்கு இணையான உப்பில் பச்சைப்பயறு இருபத்திரண்டு முளைத்தது, காராமணி பதினேழு. மகிழ்ச்சி தாளாத ஜெனிஃபர், பச்சைப்பயற்றுத் தட்டைப் படமெடுத்து ஏகாம்பரத்தின் கைபேசிக்கு அனுப்பிவிட்டாள். எனக்கு மறுநாள் தெரிந்தது.

முளைப்பது முதல் தேர்வுதான். அவருடைய மண்ணில், அவருடைய நீரில் நாற்று மூன்று வாரம் நிற்க வேண்டும். உடனே அழைத்து, "இப்போது விதைக்காதீர்கள்" என்றேன். அவர் முந்தைய மாலையே பயறு முழுவதையும் ஊறவைத்துவிட்டிருந்தார். என்னையே திருப்பிக் கேட்டார்: "மொளச்சிடுச்சின்னு படம் போட்டதும் நீங்கதான், விதைக்காதன்றதும் நீங்கதான். நடுவுல ஊறிகினு கீற பயறுக்கு யாரு மேடம் பதில் சொல்றது?"

காகிதக் குவளைகள்

காகிதக் குவளைகளில் அவருடைய மண்ணை நிரப்பி, இரண்டு பயற்றின் நாற்றுகளையும் நட்டு, அவருடைய கிணற்று நீரையே ஊற்றிவந்தோம். மூன்றாம் வாரம் அவரே வந்தார். குவளைகளில் பச்சைப்பயற்றின் இலையோரங்கள் முதலில் கருகின. பிறகு தண்டுகள் ஒவ்வொன்றாய்ச் சாய்ந்தன. பிந்தி முளைத்த காராமணி மூன்றாம் இலை விட்டு நின்றது. பச்சைப்பயற்றை விதைத்திருந்தால் இந்நேரம் அவர் நிலமும் இப்படித்தான் இருந்திருக்கும்.

ஜெனிஃபர் என் பின்னாலிருந்து, "சாரிண்ணா" என்றாள். ஏகாம்பரம் கருகிய இலையொன்றைக் கிள்ளி முகர்ந்துவிட்டுத் திரும்பினார்: "வுடும்மா. ஊறினத மொளகட்டி ஒரு வாரம் வூட்ல அதான் நாஷ்டா. நெலத்தக் கேட்டுகினு வந்த மச்சான்கூட ரெண்டு தட்டு துன்னுட்டுதான் போனான்."

பின்னர் உறுதிப்பட்டவை: ஏகாம்பரம் காராமணியே விதைத்தார். நிலத்தின் பெரும்பகுதியில் அது காய்த்தது. கழியோரத்து மூலையில் அதுவும் வரவில்லை. அங்கு மட்டும் மச்சானின் லாரி நிற்கிறது. முதல் சுற்றின் பிழையை ஜெனிஃபர் தன் ஆய்வேட்டில் மறைக்காமல் எழுதினாள். வாய்மொழித் தேர்வில் அதைப் பற்றித்தான் மிகுதியாகக் கேட்டார்கள். தேவகியின் குழம்புக்கு மேற்கோள் பட்டியலில் இடம் கிடைக்கவில்லை.

முளைத்தவற்றை எண்ணக் கல்லூரி எனக்குக் கற்றுத்தந்தது. பிழைத்தவற்றை எண்ணி முடிக்கும்வரை வாய்திறவாதிருக்க ஊறிய பயறு கற்றுத்தந்தது.