ரெஜினா அக்காவின் ஓவன் கடிகாரம்

"ஓவன் சூடாகலைன்னு சொல்லுதேன், நீங்க கடிகாரத்தைப் பத்திக் கேக்கீங்களே?"

போனில் அந்தக் குரல் எரிந்து விழுந்தது. தொண்ணூறுகளின் நடுப்பகுதி. அம்பத்தூர் எஸ்டேட் பக்கம் வீட்டுச் சாமான்களுக்கான ஒரு சர்வீஸ் சென்டரில் ஸ்பேர்ஸ் கவுண்டர் என் பொறுப்பு. கம்ப்ளெயின்ட் எடுக்கத் தனி ஆள் கிடையாது. போன் அடித்தால் அதையும் நான்தான் எடுக்க வேண்டும்.

எங்கள் கம்பெனி குக்கிங் ரேஞ்சும் விற்றது. மேலே கேஸ் பர்னர்கள், கீழே கரண்டில் ஓடும் ஓவன், முன்பக்கம் ஒரு டிஜிட்டல் கடிகாரம். அது நேரம் காட்ட மட்டும் வைத்ததல்ல. ஓவனுக்குப் போகும் கரண்ட் அதன் வழியாகத்தான் போகும். கடிகாரம் செத்தால் ஓவனும் செத்தது. வாங்கும்போது இதைக் கடையில் யாரும் சொல்வதில்லை. கெட்ட பிறகு நான் சொன்னால் யாரும் நம்புவதில்லை.

"அக்கா, கடிகாரத்துல நம்பர் தெரியுதா?"

"ஒண்ணும் தெரியல. இருட்டா கெடக்கு."

"அப்ப கடிகாரம்தான் போயிருக்கு."

"எங்க வீட்டுல செவுத்துல ஒரு கடிகாரம் இருக்கும்மா. எனக்கு ஓவன்தான் வேணும்."

அவர் பெயர் ரெஜினா. ஊர் தூத்துக்குடி. கணவருக்கு ஆவடியில் பாதுகாப்புத் தொழிற்சாலையில் வேலை. குடியிருப்பு கோவில்பதாகையில். மாடி வீட்டுப் பெண்ணுக்கு மூன்று வாரம் கழித்து ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் கல்யாணம். மூன்று அடுக்குக் கேக் தானே செய்து தருவதாக வாக்குக் கொடுத்துவிட்டார். அதுவரை அவர் செய்ததெல்லாம் கிறிஸ்துமஸ் கேக்தான். கல்யாணக் கேக் அதுதான் முதல் தடவை.

1. டைரக்ட்

மெக்கானிக் தேவராஜை அனுப்பினேன். வெள்ளானூர்க்காரர். கை சுத்தம், வாய் அதைவிட வேகம். சாயந்தரமே சிரித்துக்கொண்டு வந்தார்.

"முட்ச்சாச்சு மேடம். டைரக்ட் குட்த்துட்டேன்."

"கடிகாரத்தை மாத்தாமலா?"

"கிளாக் எதுக்கு மேடம்? கடியாரத்த உட்டுட்டு ஒயரை ஒயரோட சேத்துட்டேன். இன்னா நல்லா சூடாவுது தெரியுமா!"

ஒயரை எதால் சேர்த்தீர்கள் என்று கேட்டேன். டேப் என்றார். ஓவனுக்கு மேலே, அந்தச் சூட்டுக்குப் பக்கத்தில், சாதாரண பிளாஸ்டிக் டேப். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. மேனேஜர் வரதராஜனிடம் போய்ச் சொன்னேன். "ஓவன் ஓடுதா இல்லையா? ஓடுதுன்னா கம்ப்ளெயின்டை க்ளோஸ் பண்ணும்மா" என்றார்.

இரண்டு நாள் கழித்து ரெஜினா அக்காவே கவுண்டருக்கு வந்தார். ஒரு பிளாஸ்டிக் பையைத் திறந்து என் முன்னால் வைத்தார். உள்ளே கருகிய ஒயர்த் துண்டு. நாற்றம் கவுண்டர் முழுக்கப் பரவியது.

"டெஸ்ட் கேக் வெச்சேன். டப்புன்னு ஒரு சத்தம். எங்க பிளாக்கு பூரா கரண்ட் போச்சு. எங்க வீட்டுக்காரர் ஊர்ல இல்ல, டூட்டியில ராஜஸ்தான் போயிருக்கார். எல்லா வீட்டுக்காரங்களும் என் வாசல்ல வந்து நிக்காங்க. அந்த மனுஷன் ப்ளக்கைக்கூடப் புடுங்காமத்தான் வேலை பாத்தாரு, தெரியுமா?"

மேனேஜர் எட்டிப் பார்த்து, "வாரண்டி இருக்கா பாரும்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

2. மணி மட்டும் அடித்தது

பம்பாய் ஹெட் ஆபீஸுக்கு எஸ்.டி.டி. போட்டு மாடல் நம்பரை ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன். அந்தப் பக்கம் இருந்தவர் திருப்பிச் சொல்லவும் செய்தார். பார்சல் வந்தது. பிரித்தால் உள்ளே ஒரு திருகு டைமர். முட்டை வேகும் நேரத்துக்கு முறுக்கி வைத்தால் மணி அடிக்கும், அவ்வளவுதான். ஓவனுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

திரும்பப் போன் செய்தேன். "அதுவும் டைமர்தானே மேடம்?" என்றார் அந்த மனிதர். நான் என்ன பேசினேன் என்று இங்கே எழுத முடியாது. பக்கத்து சீட்டு அக்கவுண்டன்ட் எழுந்து வெளியே போய்விட்டார்.

சரியான கடிகாரம் கல்யாண வாரத்துச் செவ்வாய்க்கிழமை வந்தது. அன்று பார்த்துத் தேவராஜ் இல்லை. மச்சினிக்குச் சீமந்தம் என்று ஒரு வாரம் லீவில் திருத்தணிப் பக்கம் போயிருந்தார். இன்னொரு மெக்கானிக் வாரம் முழுக்கப் பூந்தமல்லி லைனில் பிரிட்ஜ் வேலையில் மாட்டிக்கொண்டிருந்தார்.

"திங்கக்கிழமை அனுப்பறேன்னு சொல்லும்மா" என்றார் மேனேஜர்.

"கல்யாணமே ஞாயித்துக்கிழமை சார்."

"அதுக்கு நான் என்ன பண்றது? தேதியை நானா வெச்சேன்?"

பார்சல் வந்த சேதி கேட்டு வந்திருந்த ரெஜினா அக்கா கவுண்டருக்கு அந்தப் பக்கம் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். "குடுங்க, நானே மாத்திக்கிடுதேன்" என்றார்.

"ஸ்பேர் மெக்கானிக் கையிலதான் போகணும். கம்பெனி ரூல்" என்றார் மேனேஜர்.

அவர் உள்ளே போனதும் நான் அக்காவிடம் கேட்டேன்: "மாத்தறதுன்னா முதல்ல என்ன பண்ணுவீங்க?"

"ப்ளக்கைப் புடுங்குவேன்" என்றார், யோசிக்காமல். "அப்புறம் எந்த ஒயர் எங்க இருக்குன்னு அடையாளம் வெச்சுட்டுத்தான் ஸ்க்ரூவையே தொடுவேன்."

கடிகாரத்தை எடுத்து என் கைப்பையில் வைத்தேன். சூடு தாங்கும் ஒயரும், ஒயர் நுனியில் அழுத்தி மாட்டும் லக் என்ற உலோகத் துண்டும் எடுத்துக்கொண்டேன். அரை நாள் லீவு சொல்லிவிட்டு அவருடன் ஆவடி பஸ்ஸில் ஏறினேன்.

3. டார்ச் பிடித்தவர்

சமையல் மேடையில் ஊற வைத்த திராட்சையும் முந்திரியும் பாத்திரம் பாத்திரமாக மூடி இருந்தன. ரெஜினா அக்கா ரேஞ்சை முன்னால் இழுத்தார். ப்ளக்கைப் பிடுங்கி, அதன் ஒயரை ஜன்னல் கம்பியில் கட்டித் தொங்கவிட்டார். "கண்ணு முன்னாலயே கெடக்கட்டும். யாராவது வந்து சொருகிட்டா?"

பின் தகட்டைக் கழற்றினோம். ஒவ்வொரு ஒயரிலும் வேறு வேறு நிறத்தில் எம்பிராய்டரி நூல் கட்டினார். கருகிய நுனியை வெட்டி நான் புது லக் போட்டேன். பழைய கடிகாரத்திலிருந்து ஒரு ஒயரை எடுப்பது, புதியதில் அதே இடத்தில் செருகுவது, அப்புறம்தான் அடுத்தது.

பாதி வேலையில் மாடி வீட்டு மாணிக்கம் சார் வந்துவிட்டார். கல்யாணப் பெண்ணின் அப்பா. அதே தொழிற்சாலையில் சார்ஜ்மேன், ஆட்களை மேய்க்கும் வேலை.

"ஏம்மா, உங்களுக்கு ஏன் இந்த வேலை? இதெல்லாம் ஒண்ணுமே இல்ல. ரெண்டு ஒயரையும் டைரக்டா குடுத்துட்டா போச்சு."

நானும் ரெஜினா அக்காவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

"சார், உங்க பொண்ணுக்குக் கேக் வேணுமா, வேண்டாமா?" என்றார் அக்கா.

"வேணும்மா. ஊர்லேருந்து எல்லாம் வராங்க. கேக் இல்லாம எப்படி?"

"அப்ப இந்த டார்ச்சைப் புடிங்க. நான் சொல்லுத எடத்துல மட்டும் அடிங்க. வேற ஒண்ணும் சொல்லாதீங்க."

பிடித்தார். நாலைந்து முறை ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். ஒவ்வொரு முறையும் அக்கா திரும்பிப் பார்க்க, மூடிக்கொண்டார். வெளிச்சம் மட்டும் ஆடவே இல்லை, அதைச் சொல்ல வேண்டும்.

எல்லாம் முடிந்து தகட்டை மூடியதும், அக்கா ப்ளக்கைச் செருகிச் சுவிட்சைப் போட்டார். கடிகாரத்தில் பூஜ்யங்கள் மின்னின. ஓவன் குமிழைத் திருகினார். சூடு இல்லை.

ரெஜினா அக்கா சமையலறைத் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "நான் அந்தப் பிள்ளைக்கு என்ன பதில் சொல்லுவேன்?" என்றபோது குரல் உடைந்தது. இத்தனை நாள் கோபத்துக்கு அடியில் அந்தப் பயம் இருந்தது எனக்கு அப்போதுதான் புரிந்தது.

பூஜ்யங்கள் மின்னுவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். பிறகுதான் உறைத்தது. இந்த வகைக் கடிகாரம் நேரம் வைக்கும்வரை ஓவனுக்குக் கரண்டை விடாது. இரண்டு பொத்தான்களைச் சேர்த்து அழுத்தி, மாணிக்கம் சாரின் வாட்சைப் பார்த்து நேரத்தை வைத்தேன். 'டிக்' என்று ஒரு சத்தம். கொஞ்ச நேரத்தில் உள்ளே கம்பி சிவந்தது.

ரெஜினா அக்கா எழுந்து வந்து ஓவன் கதவுக்கு முன்னால் உள்ளங்கையை நீட்டிக்கொண்டு நின்றார். மாணிக்கம் சார் அணைக்காத டார்ச்சோடு மாடிக்கு ஓடினார், மகளிடம் சொல்ல.

4. திங்கட்கிழமை

கல்யாணத்துக்கு எனக்கும் பத்திரிகை வந்தது. மேல் அடுக்கு லேசாக ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. போட்டோவில் தெரியாதபடி பூ வைத்திருந்தார்கள்.

திங்கட்கிழமை ஆபீஸுக்கு ஒரு டப்பா நிறையக் கேக் கொண்டு போனேன். மேனேஜர் ஒரு துண்டு சாப்பிட்டார். இன்னொன்றும் எடுத்தார். "பிரமாதம். யாரும்மா செஞ்சது?" என்றார். கடிகாரம் மாற்றியது உட்பட எல்லாம் சொன்னேன். கையில் இருந்ததை முழுசாகச் சாப்பிட்டு முடித்து, கையைத் துடைத்துக்கொண்டு, ரூலை மீறி ஸ்பேர் கொடுத்ததற்காக எனக்கு மெமோ டைப் அடிக்கச் சொன்னார்.

தேவராஜ் வாய் நிறையக் கேக்கோடு வந்தார். "நான் அன்னிக்கே சொன்னேன்ல மேடம்? கிளாக்தான் ப்ராப்ளம்னு."

அதற்குப் பிறகும் பல வருடம் அந்தக் கவுண்டரில் இருந்தேன். "பார்ட்டைக் குடுங்க, நானே மாத்திக்கறேன்" என்று வருகிற ஒவ்வொருவரிடமும், முதலில் என்ன செய்வீர்கள் என்று கேட்பேன். பதில் ஸ்க்ரூடிரைவரில் ஆரம்பித்தால் கொடுக்க மாட்டேன், எவ்வளவு படித்தவராக இருந்தாலும், எங்கள் மெக்கானிக்காகவே இருந்தாலும். ப்ளக்கில் ஆரம்பித்தால் கொடுத்துவிடுவேன். அதனால் இன்னும் இரண்டு மெமோ வாங்கினேன். என்னிடம் பார்ட் வாங்கிப்போன யார் வீட்டிலும் எதுவும் கருகவில்லை.